மூன்றாவது தட்டு

ஒரு ஆயுத பூஜைக்குப் பிறகு எங்கள் வீட்டு மல்யுத்தத்தில் யாரும் ஜெயித்ததாகத் திரையில் வந்ததே கிடையாது. ஒருவன் கீழே கிடப்பான், மற்றவன் அவன் மேல் படுத்து அமுக்குவான். நடுவர் மண்டியிட்டுத் தரையை ஒரு தட்டு தட்டுவார், இரண்டாவது தட்டு தட்டுவார், மூன்றாவது தட்டுக்குக் கையை ஓங்குவார். அத்தோடு படம் நின்றுவிடும். ஓங்கிய கை ஓங்கியபடி, எழுந்த கூட்டம் எழுந்தபடி எல்லாம் அப்படியே இருக்கும். டிவியிலிருந்து ஒரு முனகல் மட்டும் வந்துகொண்டிருக்கும். பெட்டியை அணைத்துப் போட்டால்தான் அடுத்த ஆட்டம்.

இதற்குக் காரணம் என் அப்பா. சரி, பாதிதான் அப்பா. மீதிப் பாதி அம்மா. இரண்டு பேரும் சேர்ந்து அந்த மல்யுத்த வீடியோ கேம் சிடிக்குச் செய்த கொடுமையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு முந்திக்கொண்டு வரும், கோபம் பின்னால் வரும்.

அப்பா ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் வேலை பார்த்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் இது அதிசயமில்லை. தெருவுக்கு நாலு வீட்டில் ஆம்பளை இருக்க மாட்டார்; வடக்கே பேர் தெரியாத ஏதோ ஒரு காட்டில் போர் போட்டுக்கொண்டிருப்பார். ஆயுத பூஜை முடிந்ததும் வண்டி கிளம்பும். அங்கே மழை பிடித்து, வயலுக்குள் டயர் இறங்க முடியாமல் போனால் திரும்பி வரும். அதனால் எனக்கு அப்பா என்பவர் வருஷம் முழுக்க இருக்கிற ஆள் இல்லை. மாம்பழம் மாதிரி அவருக்கும் ஒரு பருவம் உண்டு.

வந்து இறங்கும்போது காதுமடலுக்குள்கூடக் கல்மாவு அப்பியிருக்கும். குளித்துவிட்டுப் படுத்தாரென்றால் நாட்கணக்கில் தூங்குவார். கம்ப்ரசர் சத்தத்துக்கு நடுவில் இருந்து பழகியவர், வீட்டுக்குள்ளும் கத்தித்தான் பேசுவார். "அம்மிணி, தண்ணி கொண்டா" என்று என்னைக் கூப்பிட்டால் மூன்றாவது வீட்டிலிருந்து யாராவது செம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அப்படி ஒரு மழைக்கு வந்தபோது கையில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. ஏதோ ஒரு வடக்கத்தி ஊர்ச் சந்தையில், ஏற்கெனவே யாரோ ஆடித் தேய்த்ததை வாங்கியிருந்தார். படம் பார்க்கிற மிஷின் என்று சொல்லித்தான் விற்றானாம். வீட்டில் மாட்டிப் பார்த்தால் படமும் இல்லை, பாட்டும் இல்லை. உள்ளே கிடந்த ஒரே சிடியில் இரண்டு தடியர்கள் ஜட்டியோடு நின்று முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஏனுங்க, மிக்ஸி வாங்கியாரச் சொன்னா இந்தக் கெரகத்த வாங்கியாந்திருக்கறீங்க?"

"அட கம்முனு இரு. புள்ள வெளையாடட்டும்," என்றார் அப்பா. அப்புறம் என்னைவிட அவர்தான் அதிகம் விளையாடினார்.

கையில் பிடிக்கிற சாதனத்துக்கு அவர் வைத்த பெயர் கியர். ரிக்கில் நெம்புகோல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பழகியவர் இதையும் அப்படித்தான் ஆடினார். அவசரமே கிடையாது. திரையில் தலைமுடி தொங்கும் ஒரு ஆளை எப்போதும் எடுப்பார். அவனைச் சடையன் என்போம். நான் மொட்டையனை எடுப்பேன். அவர்களுடைய நிஜப் பெயர்கள் இங்கிலீஷில் மின்னிவிட்டுப் போகும், நாங்கள் படித்ததே இல்லை. எங்களுக்கு அவர்கள் சொந்தக்காரர்களாகிவிட்டார்கள். "உன்ற மொட்டையன் இன்னிக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறானே, சோறு போடலியா?" என்பார் அப்பா.

மழைக்கால மத்தியானங்கள் அவை. அங்கேதான் மழை, எங்கள் ஊரில் வெறும் காற்று. ஆடிக் காற்று ஜன்னலைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போகும். உள்ளே அரை இருட்டில் டிவி வெளிச்சம் நீலமாக, பச்சையாக மாறி மாறி அப்பா முகத்தில் விழும். சடையன் மேடைக்கு வரும்போது திரை முழுக்கப் புகை எழும். அந்தப் புகை அறைக்குள்ளும் வருகிறதென்று எனக்கு ஒரு எண்ணம். கண்ணைக் கசக்கிக்கொள்வேன். கூட்டத்தில் ஒரு மஞ்சள் சட்டைக்காரன் உண்டு. ஒரே ஆளைத்தான் பல இடத்தில் உட்கார வைத்திருந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. "இவனுக்கு வேற சோலியே இல்லியா? எந்நேரமும் வந்து உக்காந்துக்கறான்," என்று அப்பா நிஜமாகவே வருத்தப்படுவார். எனக்கு அந்த மத்தியானங்களில் எது திரை, எது வீடு என்று சரியாகப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அம்மா காபி கொண்டுவந்து வைக்கும்போது மஞ்சள் சட்டைக்காரனுக்கும் ஒரு டம்ளர் வைக்கலாமே என்றுகூடத் தோன்றியிருக்கிறது.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. ரிக் வண்டிக்காரர் வீட்டு ஆயுத பூஜை என்றால் சும்மாவா? இரும்பு என்று பெயர் இருக்கிற எதையும் விட மாட்டார்கள். ஸ்பேனர், சம்மட்டி, அரிவாள்மணை, கிரைண்டர், என் சைக்கிள், டிவி, எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்து அப்பா சந்தனம் வைத்துக்கொண்டே வந்தார். கறுப்புப் பெட்டிக்கும் வைத்தார். அதோடு விட்டாரா? மூடியைத் திறந்து சிடியை வெளியே எடுத்தார்.

"அதுக்கெதுக்குங்கப்பா?" என்று நான் அலறினேன்.

"பொட்டி வெறும் ஊடுதாஞ்சாமி. வேல செய்யறது இதுதான். இத உட்டுட்டு ஊட்டுக்குப் பொட்டு வெச்சா ஆவுமா?"

சிடியின் ஒரு பக்கம் மல்யுத்தக்காரன் படம் இருந்தது. அதில் வைத்தால் அவன் மூஞ்சி மறைந்துவிடும், பாவம் என்று திருப்பி, பளபளவென்றிருந்த பின்பக்கத்தில் அழுத்தமாகச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தார். நல்ல மனசோடுதான் செய்தார். எந்த இயந்திரத்துக்கும் மரியாதை குறைத்ததில்லை அவர்.

பூஜை முடிந்து அப்பா வடக்கே போய்விட்டார். காய்ந்த சந்தனத்தை அம்மா பார்த்தாள். பார்த்தவள் சும்மா இருக்கலாமில்லையா? பாத்திரம் தேய்க்கிற நாரை எடுத்து, வெண்கலக் கும்பாவைத் தேய்க்கிற மாதிரி அந்த சிடியைத் தேய்த்து, கழுவி, வெயிலில் காய வைத்து, "இப்பப் பாரு, பளிச்சுனு ஆயிருச்சு" என்று என் கையில் கொடுத்தாள். நான் அழுத அழுகையில் தெருவே கூடிவிட்டது.

ஆனால் சிடி சாகவில்லை. எல்லாம் ஓடியது, புகை வந்தது, கூட்டம் வந்தது, அடி விழுந்தது. மூன்றாவது தட்டு மட்டும் விழவில்லை. அந்த இடத்தில்தான் சந்தனம் இருந்திருக்க வேண்டும்.

அடுத்த மழைக்கு வந்த அப்பா இதைப் பார்த்துவிட்டு நெடுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். அமுக்கப்பட்டவன் மூன்றாவது தட்டு விழும் முன்பு பட்டனைப் படபடவென்று அடித்தால் உதறி எழலாம். எழுந்திருப்பானா, மாட்டானா? திரை சொல்லாது. கட்டைவிரல் வைத்திருந்தவருக்குத்தான் தெரியும். அவர் வைத்த தீர்ப்பு எங்கள் வீட்டுச் சட்டமாயிற்று. கீழே கிடந்தவர்தான் சொல்ல வேண்டும். முடியாமல் போயிருந்தால் "தோத்துட்டேன்." முடிந்திருக்கும் என்றால் "எந்திரிச்சிருப்பேன்"; அப்போது அமுக்கியவர் ஜெயிக்கவில்லை என்று அர்த்தம். அவர் வாய்ச்சொல்தான் முடிவு. மறுகேள்வி கிடையாது.

"பொய் சொன்னா?" என்று கேட்டேன். பின்னே, எனக்கு அப்படித்தான் முதலில் தோன்றும்.

அப்பா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "வெளையாட்டுல எவனாச்சும் பொய் சொல்லுவானா?"

அவர் அப்படித்தான். போர் போட்டுத் தண்ணீர் வராமல் புகைதான் வருகிறதென்றால், "இன்னுங் கொஞ்சம் எறக்கிப் பாக்கலாமுங்க" என்று அந்த விவசாயியை ஏமாற்றத் தெரியாது. "தண்ணி இல்லீங்க, நிறுத்திக்குங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். அடிக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் முதலாளிகளுக்கு அவர்மேல் இதுதான் வருத்தம்.

போகப் போக வீட்டு வழக்கெல்லாம் மேடைக்கு வந்தது. சுற்றுலாவுக்கு அனுப்புவதா வேண்டாமா, கோழிக்குஞ்சு வளர்ப்பதா வேண்டாமா எல்லாவற்றுக்கும் ஒரு ஆட்டம். ஒரு விஷயத்துக்கு ஒரே ஆட்டம்தான். கேட்டவர் ஜெயித்தால் காரியம் நடக்கும். இல்லையென்றால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட வேண்டும். அம்மா தனக்காக என்னை ஆட வைத்து மிக்ஸியை வாங்கிக்கொண்டாள். நான் தோற்றதும் நிறைய. "எந்திரிச்சிருப்பேன்" என்று நுனிநாக்கு வரை வந்ததை விழுங்கிக்கொண்டு "தோத்துட்டனுங்கப்பா" என்று சொல்லியிருக்கிறேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வேறு மாதிரி சொல்ல வாய் வராது.

பிளஸ் டூ முடித்ததும் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டுமென்று நின்றேன். சொந்தக்காரர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்து பொட்டப்பிள்ளையை வெளியே விடாதே என்று அப்பா காதில் ஓதினார்கள். அவருக்கும் மனமில்லை. வருஷத்தில் அவர் வீட்டில் இருக்கிற அந்தக் கொஞ்ச நாளும் நான் இல்லாமல் போய்விடுவேனே. அன்றைக்கு நாங்கள் இருவரும் பேசாமல் ஆடினோம். கடைசியில் மொட்டையன் சடையன் மேல் படுத்தான். ஒரு தட்டு, இரண்டாவது தட்டு, ஓங்கிய கை. படம் நின்றது.

அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எந்திரிச்சிருப்பேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் மகள் அவரிடமே இருந்திருப்பாள். அப்பா கியரைத் தரையில் வைத்தார். "தோத்துட்டேன்" என்றார். எழுந்து போய்க் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு வந்து, ஹாஸ்டலுக்கு எடுத்துப் போக என்னென்ன வேண்டும் என்று கேட்டார். என் படிப்பு, வேலை, சேலம் அஸ்தம்பட்டியில் நான் குடியிருக்கும் வீடு, எல்லாம் அந்த ஒரு சொல்லில் கிடைத்தவைதான்.

அம்மா இறந்து சில வருஷமாகிறது. அப்பா வண்டி ஏறுவதை நிறுத்திவிட்டுத் திருச்செங்கோட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். போன வருஷம் வாதம் வந்து வலது கையை இழுத்துக்கொண்டது. வாய் லேசாகக் கோணிக்கொண்டது. பேச்சு குழறினாலும் புரியும். அப்போதே சேலம் வாருங்கள் என்று கூப்பிட்டேன். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே தள்ளினார். இந்த ஆடியில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். கதவு உள்பக்கம் தாழ். எவ்வளவு நேரம் கிடந்தாரோ, பக்கத்து வீட்டுக்காரர் முனகல் கேட்டு வந்து, கதவை உடைத்துத் தூக்கினார். எலும்பு முறியவில்லை, தப்பித்தோம்.

ஆனால் எனக்குத் தூக்கம் போயிற்று. ஆபீசில் போன் அடித்தாலே திருச்செங்கோட்டு நம்பரா என்று பார்ப்பேன். அடுத்த முறை விழுந்தால்? பக்கத்து வீட்டில் அன்றைக்கு யாரும் இல்லாவிட்டால்? என் அப்பா ஈரத் தரையில் கிடந்து, யாரும் வராமலே செத்துப்போவார் என்கிற பயம் எனக்கு. அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லக்கூட முடியவில்லை. அதனால் வாரம் தவறாமல் போய் அவரோடு சண்டைதான் போட்டேன்.

"நாளைக்கே பொட்டிய கட்டுங்க. சேலத்துல ரூம்பு தயாரா இருக்குது."

"நான் வாரதில்ல சாமி."

"ஏன் வாரதில்ல? இங்க என்ன கொள்ளையடிச்சு வெச்சிருக்கறீங்க?"

அவர் சுவரைப் பார்த்தார். "இந்த ஊட்டக் கட்டுனது நானு. குடியிருந்தது யாரு? நீயும் உங்கம்மாளும். நான் விருந்தாளியாட்டம் வந்து வந்து போனேன். வண்டிக்கடியில படுத்தே காலம் போயிருச்சு. இப்பத்தானே அம்மிணி நான் குடி வந்திருக்கறேன்?"

"குடி வந்தது போதும், கெளம்புங்க," என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் சிரித்துவிட்டுத் தட்டிலிருந்த பொரியை இடது கையால் பொறுக்க ஆரம்பித்தார். இனி இரும்பைக் காய்ச்சி ஊற்றினாலும் அசைய மாட்டார் என்று தெரிந்துபோயிற்று.

அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. நாற்காலி போட்டுப் பரண்மேல் ஏறினேன். வெங்காயச் சாக்குக்குப் பின்னால், அம்மாவின் பழைய சேலையில் சுற்றியபடி கறுப்புப் பெட்டி கிடந்தது. கியர் இரண்டும் ஒன்றோடொன்று ஒயரில் பின்னிக்கொண்டு கிடந்தன. புது டிவியில் அந்த மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களை மாட்ட ஓட்டையே இல்லை. நல்லவேளை, பழைய குண்டு டிவியை அப்பா தூக்கிப் போடவில்லை. எந்த இயந்திரத்தையும் அவர் தூக்கிப் போட்டதில்லை. அதைத் துடைத்து, அடித்து, பேச்சுக் கொடுத்து உயிர் வர வைத்தேன்.

"என்ன பண்ற?" என்றார் அப்பா பின்னாலிருந்து.

"வழக்குப் போடறனுங்க," என்றேன். "நான் ஜெயிச்சா நாளைக்கே நீங்க சேலம். இல்லைன்னா இந்தப் பேச்ச இனி எடுக்க மாட்டேன்."

அவர் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும் இப்போது. அந்தப் பக்கம் சிரித்தது. "கியரக் கொண்டா" என்றார்.

பெட்டி சுழன்றது. உள்ளே கரகரவென்று சத்தம். திரை கறுப்பாகவே இருந்தது. போச்சு, செத்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு கறுப்புக்குள்ளிருந்து மெல்லப் புகை வந்தது.

என் நினைவில் அந்த மேடை கல்யாண மண்டபம் அளவுக்கு இருந்தது. ஆயிரம் விளக்கு, கடல் போலக் கூட்டம். இப்போது பார்த்தால் எல்லாம் கட்டம் கட்டமாக, மங்கலாக, சின்னதாக இருக்கிறது. மொட்டையனுக்கு விரல்களே இல்லை. உள்ளங்கை ஒரு பலகை, அதில் விரல்களை வரைந்திருந்தார்கள். இந்தக் கையையா உலகத்திலேயே பலசாலியின் கை என்று நம்பினேன்? மஞ்சள் சட்டைக்காரன் வரிசைக்கு ஒருவனாக உட்கார்ந்திருந்தான். "பாரு, வந்துட்டான்," என்றார் அப்பா குழறிக்கொண்டு. வெளியே காற்று ஜன்னலை ஆட்டியது. டிவி வெளிச்சம் அவர் நரைத்த தாடியில் நீலமாக விழுந்து, பச்சையாக மாறியது. கொஞ்ச நேரம் எனக்கு வயசே இல்லை. அடுப்படியில் அம்மா பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது என்று சத்தியம் செய்யலாம் போலிருந்தது.

அப்பா கியரை மடியில் ஒரு தலையணைமேல் வைத்துக்கொண்டார். வலது கை பக்கத்தில் சும்மா கிடந்தது. இடது கை ஒன்றுதான் குச்சிக்கும் பட்டனுக்கும் மாறி மாறி ஓடியது. எனக்கோ எந்த பட்டன் எதற்கென்று மறந்துபோயிருந்தது. உதைக்க நினைத்தால் மொட்டையன் கும்பிடு போட்டான். சடையன் நிதானமாக வந்து அவனைத் தூக்கி ஒரு போடு போட்டான்.

"சேலத்துக்காரி ஆட்டத்த மறந்துட்டா," என்றார் அப்பா. இன்னொரு போடு.

அவர் தொடை தட்ட முடியாமல் நாக்கைச் சொடுக்கினார். ஒற்றைக் கையோடு அவர் என்னை அடித்துக்கொண்டிருந்ததில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதே நேரத்தில் பயமும் பிடித்துக்கொண்டது. தோற்றுவிட்டால் வாயை மூடிக்கொண்டு போக வேண்டும். அந்தக் குளியலறைத் தரை கண்ணில் வந்தது. விரல்களுக்கு ஆட்டம் தானாகவே நினைவுக்கு வந்தது; மூளை மறந்தாலும் கட்டைவிரல் மறக்கவில்லை. அப்புறம் நான் இரக்கமே காட்டவில்லை. வாதம் வந்த மனுஷன், என்னைத் தோளில் தூக்கிச் சுமந்த மனுஷன் என்று எதையும் பார்க்கவில்லை. அவர் இடது கை குச்சியிலிருந்து பட்டனுக்குப் போகிற அந்தச் சிறு இடைவெளி இருக்கிறதே, அதைப் பார்த்துப் பார்த்து அடித்தேன். சடையன் தள்ளாடினான். கயிற்றில் மோத விட்டு, திரும்பி வந்தவனைத் தூக்கி நடு மேடையில் சாத்தினேன். கூட்டம் எழுந்தது. மொட்டையன் அவன்மேல் விழுந்து அமுக்கினான்.

நடுவர் மண்டியிட்டார். ஒரு தட்டு.

அப்பா பதறிப்போய் இடது கையைப் பட்டன் பக்கம் கொண்டுபோனார். தலையணை சரிந்தது. கியர் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. இரண்டாவது தட்டு.

ஓங்கிய கை நின்றது.

டிவி முனகிக்கொண்டிருந்தது. எத்தனையோ மத்தியானங்களில் பார்த்த அதே படம். எழுந்த கூட்டம், காற்றில் நிற்கிற கை, கீழே முகம் தெரியாமல் சடையன். நான் பெருமூச்சு விட்டேன். முடிந்தது. ரூமுக்குப் புது மெத்தை வாங்க வேண்டும், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடிக்க வேண்டும் என்று மனசு ஓட ஆரம்பித்துவிட்டது. சட்டப்படி அவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கியர் தரையில் குப்புறக் கிடந்தது. அவர் கையில் ஒன்றுமே இல்லை.

"சொல்லுங்கப்பா," என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தார், மூடினார். எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி திறந்தார்.

"எந்திரிச்சிருப்பேன்," என்றார்.

எனக்கு முதலில் காதில் விழுந்தது விளங்கவில்லை. கியரைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். அவர் காது சிவந்துபோயிற்று; கழுத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடியாமல், என் முகத்தைப் பார்க்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் இல்லாத குழியில் தண்ணீர் இருக்கிறதென்று ஒரு நாளும் சொல்லாத மனுஷன், என்னிடம் பொய் சொல்லிவிட்டு, நான் அதை ஒத்துக்கொள்வேனா என்று குழந்தை மாதிரி காத்துக்கொண்டிருந்தார்.

கோபமாகக் கத்தியிருக்க வேண்டும் நான். கத்துகிற பிறவிதான். ஆனால் இத்தனை வாரமும் நான் போட்ட சண்டையில் அவர் என்னிடம் கெஞ்சியதே இல்லை. இப்போது கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஆமாங்கப்பா," என்றேன். "எந்திரிச்சிருப்பீங்க."

அன்று சாயங்காலம் சங்ககிரி வழியாகப் போகிற சேலம் பஸ்ஸில் நான் மட்டும் ஏறினேன்.